ஷோப்பான் போட்டியை இறுதிச் சுற்றிலிருந்து பார்க்காதீர்கள்

2025 தீபாவளி ராத்திரி எங்கள் தெருவில் கடைசிச் சரவெடி அடங்கியபோது மணி பதினொன்றரை. அதுவரை ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு போலந்தின் தலைநகர் வார்சாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்டில் பிறந்த இசையமைப்பாளர் ஷோப்பான் பெயரில் நடக்கும் சர்வதேசப் பியானோ போட்டியின் இறுதிச் சுற்று, மூன்றாம் இரவு. எல்லோரும் வாசித்து முடித்த பிறகும் நடுவர்கள் வெளியே வரவில்லை. அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல்தான் முடிவைச் சொன்னார்கள். திருச்சியில் அப்போது பால் பாக்கெட் வந்துவிட்டது. முதல் பரிசு எரிக் லூ.

உடனே எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து 2015ஆம் வருட நோட்டை எடுத்தேன். அந்த வருடமும் அதே மேடையில் அவர் வாசித்தார். நான்காம் இடம் வாங்கினார். அவர் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் மூன்றே வரி: “17 வயசு. மெதுவான இடத்தில் அவசரமே இல்லை. அடுத்த தடவை?” பத்து வருடத்துக்கு முன்னால் பச்சை மையில் எழுதிய அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். கண் நிறைந்துவிட்டது.

அந்த ஒரு காலைப் பொழுது உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பியானோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் வங்கியில் கணக்குப் பார்க்கிறவள். மகள் கீபோர்டு வகுப்புக்குப் போன காலத்தில் வெளியே காத்திருந்து கேட்டதுதான் என் ஆரம்பம். வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பேனா, சுமாரான ஹெட்போன், முதல் சுற்றிலிருந்து பார்க்கும் பொறுமை. இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இறுதிச் சுற்றை மட்டும் பார்த்தால் அழகான கச்சேரி ஒன்றைப் பார்த்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். 2025இல் முதல் சுற்றில் வாசித்தவர்கள் 84 பேர். இரண்டாம் சுற்றுக்கு 40, மூன்றாவதற்கு 20, இறுதிக்கு 11. அந்த 84 பேரில் நீங்களே நாலு பேரைப் பொறுக்கி, அவர்கள் ஒவ்வொரு வாசலையும் தாண்டுகிறார்களா என்று மூன்று வாரம் நெஞ்சு படபடக்கக் காத்திருந்தால், கடைசி இரவு வேறு மாதிரி இருக்கும். பதினோரு பேரும் அப்போது உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள். யாருக்கு எந்த இடத்தில் கை நடுங்கும் என்பதுகூடத் தெரிந்திருக்கும்.

போட்டி பிறந்ததே இப்படி ஒரு எண்ணத்தில்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு போலந்து இளைஞர்கள் விளையாட்டுப் பந்தயங்களில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்த ஜெர்ஸி ஜுராவ்லெவ் என்ற பியானோ ஆசிரியர், ஷோப்பானையும் பந்தயமாக்கினால் கேட்க வருவார்கள் என்று நினைத்தார். 1927இல் வார்சாவில் முதல் போட்டி நடந்தது. சோவியத் நாட்டின் லெவ் ஓபரின் ஜெயித்தார். உலகப் போரும் கொரோனாவும் தள்ளிப்போட்ட தடவைகள் போக, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஷோப்பான் எழுதியது மட்டும்தான். வேறு ஒருவருடைய ஒரு சுரம்கூடக் கிடையாது. புதிதாகக் கேட்க வருகிறவருக்கு இது பெரிய வசதி. ஒரே பாட்டை இருபது பேர் வாசிக்கக் கேட்கும்போது, பாட்டு எது, வாசிப்பவர் எது என்று காது தானாகப் பிரித்துவிடும்.

நேரக் கணக்கு

அக்டோபரில் வார்சாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். காலை அமர்வு அங்கே 10 மணிக்கு, நமக்கு மதியம் ஒன்றரை. மாலை அமர்வு அங்கே 5 மணிக்கு, நமக்கு இரவு எட்டரை. இறுதிச் சுற்று அங்கே மாலை 6 மணிக்கு, நமக்கு ஒன்பதரை. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், ஆனால் போட்டி பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். 2015இல் நான் நாலரை மணி நேரம் என்று தப்பாகக் கணக்குப் போட்டு, ஆசையாகக் காத்திருந்த ஒருவரை முழுசாகத் தவறவிட்டேன். அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக “3.30 கூட்டு” என்று எழுதிவிடுவேன்.

எல்லாமே ஷோப்பான் இன்ஸ்டிடியூட்டின் யூடியூப் சேனலில் இலவசமாக நேரலையில் வருகிறது. பிறகு ஒவ்வொருவர் வாசிப்பையும் தனித்தனி வீடியோவாகவும் போடுவார்கள். ஆகவே எல்லாவற்றையும் நேரலையில் பார்க்க வேண்டும் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். என் வழக்கம் இது: வேலை நாளில் இரவு அமர்வில் முதல் மூன்று பேர், பிறகு தூக்கம். மதிய அமர்வை மறுநாள் காலை சமையல் வேலையோடு கேட்பேன். சனி, ஞாயிறு முழுசாக உட்கார்ந்துவிடுவேன். ஒரே ஒரு கட்டுப்பாடு. கேட்கவேண்டியவரைக் கேட்டு எழுதி முடிக்கும்வரை வீடியோவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது. படித்துவிட்டால் அவர்கள் காதால்தான் கேட்பீர்கள்.

அக்டோபர் 17 அன்று போட்டி கிடையாது. 1849இல் ஷோப்பான் இறந்த நாள் அது. வார்சாவின் திருச்சிலுவை தேவாலயத்தில் இறந்தவர்களுக்காக மோட்ஸார்ட் எழுதிய ரெக்வியம் இசையோடு திருப்பலி நடக்கும். உடல் பாரிஸ் கல்லறையில் இருந்தாலும், அவருடைய இதயம் இந்தத் தேவாலயத்தின் தூண் ஒன்றுக்குள் இருக்கிறது. அன்று வாசிப்பைக் கேட்காவிட்டாலும் நான் நோட்டைத் திறந்து அதுவரை எழுதியதை ஒரு தடவை படிப்பேன்.

நோட்டில் என்ன எழுதுவது

கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு போதும். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், நாடு, வயது, எந்தப் பியானோ. அதன் கீழே வாசித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கடைசியில் 25க்கு ஒரு மதிப்பெண், பக்கத்தில் “ஆம்” அல்லது “இல்லை”. இந்த 25 நானாகக் கண்டுபிடித்ததில்லை. நடுவர்களே 25க்குப் போட்டு, அடுத்த சுற்றுக்கு அனுப்பலாமா என்று ஆம், இல்லையும் சொல்கிற முறை 2021இல் அங்கே இருந்தது. தன்னிடம் படித்த மாணவருக்கு நடுவர் மதிப்பெண் போட முடியாது. நீங்களும் இந்த விதியை வைத்துக்கொள்ளலாம். நம் மனசுக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒருவருக்கு நான் மூன்றாம் சுற்றிலிருந்து மதிப்பெண் போடுவதில்லை. பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் மட்டும்.

வரி எழுதும்போது “நன்றாக இருந்தது” என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் படித்தால் அதில் ஒன்றும் இருக்காது. கேட்டது எதுவோ அதை எழுதுங்கள். “இடது கை கனம்.” “பெடல் அதிகம், ஈரத் துணி மாதிரி.” “முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை, சபையும் மூச்சு விடவில்லை.” என் மகள் பன்னிரண்டு வயதில் ஒருவரைப் பற்றி எழுதிய வரி இன்னும் இருக்கிறது: “கோபமா இருக்கார், ஆனா யார் மேலன்னு தெரியல.” அந்த ஒரு வரியைப் படித்தால் போதும், முழு வாசிப்பும் எனக்குத் திரும்பி வரும்.

மிக முக்கியம், முடிவு வருவதற்கு முன்னால் எழுதி முடித்துவிடுங்கள். பட்டியல் வந்த பிறகு எழுதினால் மனசு நடுவர் பக்கம் சாய்ந்துவிடும். முன்னாலேயே மையில் எழுதி வைத்தால்தான் நம் காது எங்கே நின்றது என்று தெரியும். பென்சில் வேண்டாம்.

முதல் சுற்று

வாசிக்கும் வரிசைக்கு ஒரு எழுத்தைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த எழுத்திலிருந்து அகர வரிசையில் போகும். 2025இல் ஒவ்வொருவரும் ஒரு எட்யூட், ஒரு மெதுவான துண்டு, ஒரு வால்ட்ஸ், பிறகு பலாட் மாதிரி பெரியதாக ஒன்று வாசித்தார்கள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எட்யூட் என்றால் பயிற்சிப் பாடம். கேட்பவருக்கு அது பாட்டு, வாசிப்பவருக்குப் பரீட்சை. ஓபஸ் 10 என்ற எண்ணில் வெளியான தொகுதியில் இரண்டாவது எட்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலது கையை மேசை மேல் வையுங்கள். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல், இந்த மூன்றை மட்டும் மாற்றி மாற்றித் தட்டி வேகமாக ஓட விடுங்கள். அதே சமயம் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அவ்வப்போது சேர்ந்து ஒரு சின்னத் தட்டு. பத்து வினாடி போவதற்குள் முழங்கை வரை இழுக்கும். அந்த மூன்று பலவீனமான விரல்களை வைத்துக்கொண்டுதான் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ஒன்று விடாமல் ஏறி இறங்க வேண்டும். சத்தம் வரக் கூடாது, எறும்பு வரிசை போகிற மாதிரி இருக்க வேண்டும். மேசையில் இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் அந்த எட்யூட் தொடங்கினாலே சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஆனால் எட்யூட்டில் விழுகிற தப்பு சுரத்துக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. அடுத்து வரும் நாக்டர்னில்தான் ஆளைப் பார்ப்பேன். ராத்திரிப் பாட்டு மாதிரி மெதுவாகப் போகிற துண்டு அது. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிய பிறகு அந்தச் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது. வீணையில் இழுக்கலாம், குரலில் அசைக்கலாம். இங்கே அது தேய்ந்துகொண்டே போகும். அப்படித் தேய்கிற ஒன்றை அடுத்த சுரத்தோடு ஒட்டி, பாடுகிற மாதிரி நம்ப வைப்பவர்தான் வித்தைக்காரர். கமகத்துக்குப் பழகிய காது நமக்கு. இந்த இடத்தில் நம்மவர்கள் நல்ல நடுவர்கள் என்பது என் நம்பிக்கை.

பியானோவையும் கவனியுங்கள். 2025இல் ஸ்டெயின்வே, யமஹா, கவாய், ஃபஸியோலி, பெக்ஸ்டைன் என்று ஐந்து கம்பெனிப் பியானோக்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் முன்கூட்டியே மேடைக்கு வந்து சில நிமிடங்கள் தொட்டுப் பார்த்து, தனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அறிவிப்பாளர் பெயரோடு பியானோவையும் சேர்த்துச் சொல்வார். ஒரு வாரம் கேட்டால் எது மணி மாதிரி ஒலிக்கிறது, எது கனமாக ஒலிக்கிறது என்று ஓரளவு பிடிபடும். 2021இல் முதல் பரிசு வாங்கிய ப்ரூஸ் லியூ ஃபஸியோலியில் வாசித்தார். அதனால் ஃபஸியோலிதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர் கைக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான்.

மூன்றாம் சுற்றும் மசுர்க்காவும்

இரண்டாம் சுற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் முக்கால் மணி நேரம் போல வாசிப்பார்; 2025இல் பிரெலூட் என்ற சின்னத் துண்டுகளில் ஆறும், பொலொனேஸ் என்ற போலந்து ஆட்ட இசையில் ஒன்றும் கட்டாயம், மற்றது அவரவர் விருப்பம். யார் தனியாக ஒரு கச்சேரியைத் தாங்குவார் என்று இங்கே தெரிந்துவிடும்.

மூன்றாம் சுற்றுதான் என் சுற்று. பல பகுதிகள் கொண்ட ஒரு சொனாட்டா, ஒரு தொகுதி மசுர்க்கா. சொனாட்டாவில் எல்லோருக்கும் தெரிந்தது இரண்டாவதில் வரும் இறுதி ஊர்வல இசை. அதற்கு அடுத்து வரும் கடைசிப் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஒன்றரை நிமிடம் இருந்தால் அதிகம். இரண்டு கையும் ஒரே வரியை ஸ்தாயி மாற்றி ஓடும், கடைசித் தட்டு வரை கார்ட் (பல சுரங்களைச் சேர்த்துத் தட்டுவது) கிடையாது, பாட்டு கிடையாது, புதைத்த மண் மேல் காற்று அடிக்கிற மாதிரி. அதைத் தெளிவாக வாசிப்பதா, மங்கலாக விடுவதா என்பதில் ஒவ்வொருவரும் ஒரு தீர்மானம் எடுத்திருப்பார். அதை எழுதுங்கள்.

மசுர்க்கா போலந்து கிராமத்து ஆட்டம். மூன்று எண்ணிக்கை. வால்ட்ஸும் மூன்றுதான், ஆனால் வால்ட்ஸில் முதல் தட்டில் அழுத்தம் விழும். மசுர்க்காவில் அழுத்தம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் உட்காரும், சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறும். எங்கள் அத்தை, என் மாமியார், இளவயதில் வீணை படித்தவர். 2021இல் நான் மசுர்க்கா கேட்டுக்கொண்டிருந்தபோது பூத் தொடுத்தபடி தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது.

“ஏம்மா, இந்தப் புள்ள தாளத்த எங்க கொண்டுபோய் வைக்கிது? திஸ்ரம்னு பாத்தா காலு நொண்டுதே?”

“மூணுதான் அத்தை. ரெண்டாவதுல அழுத்திப் போட்டுப் பாருங்க.”

திரும்பப் போட்டார். இரண்டாவதில் அழுத்தி, மூன்றாவதைக் கொஞ்சம் தாமதமாக விட்டார். நாலு ஆவர்த்தனம் சரியாக விழுந்தது. ஐந்தாவதில் வாசிப்பவர் இடத்தை மாற்றிவிட்டார். அத்தை பூவைக் கீழே வைத்துவிட்டு, “அட, திருட்டுப் பயலே” என்று வாய்விட்டுச் சிரித்தார். மசுர்க்காவைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஷோப்பான் காலத்திலேயே இந்தச் சண்டை உண்டு. அவர் மசுர்க்கா வாசிக்கக் கேட்ட சார்லஸ் ஹாலே என்ற பியானோ கலைஞர், நீங்கள் மூன்று அல்ல, நான்கு எண்ணிக்கை வாசிக்கிறீர்கள் என்றாராம். ஷோப்பான் முதலில் மறுத்தார். ஹாலே சத்தமாக எண்ணிக் காட்டிய பிறகு சிரித்துவிட்டு, அது எங்கள் நாட்டு இயல்பு என்றாராம். ஒரு தட்டு அவ்வளவு நீண்டிருக்கிறது. அப்படி நீட்டியும் ஆட்டம் நிற்காமல் இருக்க வேண்டும். இடது கைதான் தாளக்காரர் என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததன் பொருள் இங்கே புரியும். நீங்களும் தொடையில் தட்டிப் பாருங்கள். உங்கள் கையை முழுக்கத் தொலைத்தவருக்கும் மதிப்பெண் போடாதீர்கள், ஒருமுறைகூட இடறவிடாதவருக்கும் போடாதீர்கள். இடற வைத்துப் பிடித்துக்கொள்கிறவருக்குப் போடுங்கள். நல்ல மசுர்க்காவுக்குப் போலந்து வானொலி தனிப் பரிசே கொடுக்கிறது. 2021இல் அது யாகூப் குஷ்லிக்குக்குப் போனது.

அதே 2021 மூன்றாம் சுற்றில் ப்ரூஸ் லியூ, மோட்ஸார்ட்டின் ஒரு மெட்டை வைத்து ஷோப்பான் எழுதிய ஓபஸ் 2 வேரியேஷன்ஸை வாசித்தார். ஷோப்பான் பதினேழு வயதில் எழுதியது. இதைப் பார்த்துத்தான் 1831இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் அவரைப் பற்றி வியந்து எழுதினார். ஆனாலும் போட்டிக்கு அதிகம் பேர் கொண்டுவராத துண்டு. என் நோட்டில் அந்தப் பக்கத்தில் பாதி வரிக்கு மேல் எழுத்தே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன், பேனா மூடியே திறக்கவில்லை. 25க்கு 25 என்று பிறகு எழுதினேன். யாருக்கும் அதற்கு முன் அப்படிப் போட்டதில்லை.

நமக்குப் பிடித்தவர் வெளியேறும் இரவு

இது நிச்சயம் வரும், தயாராக இருங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நள்ளிரவை ஒட்டிப் பட்டியல் படிப்பார்கள். அகர வரிசையில் படிக்கும்போது, நம் ஆளின் எழுத்து வந்து, தாண்டிப் போய்விடும். அந்த ஒரு வினாடியில் வயிறு என்னமோ செய்யும். 2021இல் என் நட்சத்திரம் பெற்ற ஒருவர் இரண்டாம் சுற்றோடு போய்விட்டார். மறுநாள் வங்கியில் இரண்டு கட்டு நோட்டைத் திரும்ப எண்ண வேண்டியிருந்தது.

நடுவர்கள் எப்போதும் ஒரே பக்கம் இருந்ததில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஆறுதல். 1932இல் இரண்டு பேர் சமமாக வந்தபோது காசு சுண்டித்தான் முதல் பரிசு அலெக்ஸாண்டர் உனின்ஸ்கிக்குப் போனது. இரண்டாம் இடத்துக்குப் போன இம்ரே உங்கார் கண் தெரியாதவர். 1955இல் அஷ்கெனாஸிக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை என்பதற்காக நடுவர் மிக்கெலாஞ்செலி முடிவில் கையெழுத்துப் போட மறுத்தார். 1980இல் இவோ போகோரெலிச்சை இறுதிக்கு அனுப்பாததால் மார்த்தா அர்கெரிச், அவர் மேதை என்று சொல்லிவிட்டு நடுவர் குழுவிலிருந்தே விலகினார். அர்கெரிச் 1965இல் அதே போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். போகோரெலிச் தோற்றே உலகப் புகழ் பெற்றார். அந்த வருடம் ஜெயித்த வியட்நாமின் டாங் தாய் சோன், இந்தப் போட்டியில் முதல் பரிசு பெற்ற முதல் ஆசியர். ஹனோயில் பிறந்து போர்க்காலத்தில் வளர்ந்த பிள்ளை. ப்ரூஸ் லியூவும் எரிக் லூவும் அவரிடம் படித்தவர்கள். 2015இல் சோங்ஜின் சோ ஜெயித்தார். பிறகு மதிப்பெண்களை வெளியிட்டபோது, இறுதிச் சுற்றில் ஒரு நடுவர் அவருக்குப் பத்துக்கு 1 போட்டிருந்தது தெரிந்தது. வேறு இரண்டு பேர் 10 போட்டிருந்தார்கள். எல்லோரும் வாழ்நாள் முழுக்கப் பியானோவோடு இருந்தவர்கள்தான்.

ஆகவே உங்கள் “ஆம்” நடுவரின் “இல்லை”யோடு மோதினால் அடித்துத் திருத்தாதீர்கள். அப்படியே விடுங்கள். வெளியேறியவரின் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். போட்டி முடிந்த பிறகு தேடிக் கேட்க அந்தப் பக்கம்தான் உதவும்.

இறுதி இரவுகள்

கச்சேரி மண்டபம் வார்சா பில்ஹார்மோனிக். பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா. பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க ஷோப்பான் எழுதிய இரண்டு கான்செர்ட்டோவில் ஒன்றை வாசிக்க வேண்டும். 2025இல் அதற்கு முன்னால் தனியாக பொலொனேஸ் ஃபான்டஸியையும் கட்டாயமாக்கினார்கள். 1846இல் வெளிவந்த, நோயாளியான ஷோப்பானின் கடைசிக் காலப் படைப்பு. பெரிய கார்ட் ஒன்று, அதிலிருந்து கட்டைகள் மேல் ஏறிப் போகும் சுரங்கள், பிறகு மௌனம். அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று பாருங்கள். அது முடிந்த உடனே பத்தொன்பது, இருபது வயது ஷோப்பானின் கான்செர்ட்டோவுக்குத் தாவ வேண்டும். ஒரே இரவில் ஒரு மனிதனின் இரண்டு முனைகள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது.

பெரும்பாலோர் எடுப்பது ஈ மைனர் கான்செர்ட்டோ. எண் 1 என்று பெயர், ஆனால் எஃப் மைனருக்குப் பிறகு எழுதியது. முதலில் அச்சானதால் ஒன்றாகிவிட்டது. 1830 அக்டோபர் 11 அன்று வார்சாவில் அவரே வாசித்தார். அடுத்த மாதம் ஊரை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை.

அந்தக் கான்செர்ட்டோவில் நான் ஒவ்வொருவரிடமும் பார்க்கிற இடம், அவர் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது. முதலில் ஆர்கெஸ்ட்ரா மட்டும் நாலு நிமிடம் போல வாசிக்கும். இவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வாரம், மூன்று சுற்று, வாழ்க்கை முழுக்கச் செய்த சாதகம், எல்லாம் வந்து நிற்கிற இடத்தில் நாலு நிமிடம் சும்மா! ஒருவர் கைக்குட்டையால் கட்டைகளைத் துடைப்பார். துடைத்ததையே திரும்பத் துடைப்பார். ஒருவர் நாற்காலியின் குமிழைத் திருகி, உட்கார்ந்து, மறுபடி திருகுவார். ஒருவர் வயலின்காரர்களைப் பார்த்து மெதுவாகத் தலை அசைப்பார், கூடவே மூச்சு விடுவார். அப்புறம் கை மேலே போகும், கனமான கார்ட்கள் கீழே இறங்கும். வயலினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த இசைக்குள்ளிருந்தே எழுந்து வருவார். கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருக்கும். என் நோட்டில் இந்த நாலு நிமிடத்துக்குத் தனி வரி உண்டு.

இரண்டாம் பகுதி வரும்போது வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். மெதுவான பகுதி, தனியாகக் கேட்கக் கூடாதது. எங்கள் வீட்டில் அப்போது அத்தை கண்ணை மூடிக்கொள்வார். மகள் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அந்த இடத்தில் இருவரும் போனில் பேசாமல் லைனில் மட்டும் இருப்போம்.

அடுத்த ஷோப்பான் போட்டிக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன; அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டி மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் வான் கிளைபர்ன் போட்டி நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அங்கே ஷோப்பான் மட்டும் என்ற கட்டுப்பாடு இல்லை, எல்லோரையும் வாசிக்கலாம். 2022இல் பதினெட்டு வயது யுன்சான் லிம் அங்கே ராக்மனினாஃபின் மூன்றாம் கான்செர்ட்டோவை வாசித்த வீடியோவை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

கை பழக 2025 கிளைபர்ன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 28 பேர், நாலு சுற்று, எல்லாம் யூடியூபில் அப்படியே இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று தேடாதீர்கள். நானும் இங்கே சொல்லப்போவதில்லை. தலைப்பிலேயே முடிவு தெரிகிற வீடியோக்களைத் தவிர்க்க, முதல் சுற்று வீடியோக்களை மகனையோ மகளையோ வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். இரவுக்கு இரண்டு பேர் வீதம் கேட்டால் இரண்டு வாரத்தில் முதல் சுற்று முடியும். எழுதுங்கள், மதிப்பெண் போடுங்கள், உங்கள் பதினெட்டுப் பேரை மையில் வட்டமிடுங்கள். அதற்குப் பிறகு அடுத்த சுற்றுப் பட்டியலைத் திறந்து, உங்கள் வட்டங்களோடு ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் இப்போதே காலியாக விட்டு வையுங்கள்.